கரட்டு டவரில் கருகிய ரேடியோக்கள்

கிராமத்துப் பக்கம் டவர் நிறுத்தி வயர்லெஸ் இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் டவரில் ஒரு ரேடியோ, அதாவது நெட் சிக்னலை அனுப்பி வாங்கும் பெட்டி, செத்துப்போனால் போகட்டும், வேறு மாட்டிக்கொள்ளலாம். அதே இடத்தில் மாட்டிய அடுத்ததும் செத்தால் உடனே கடைக்குப் போன் போட்டு இன்னொன்று கேட்காதீர்கள். கடைக்காரர் சந்தோஷமாக அனுப்பிவைப்பார், அதுவும் சாகும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியிருக்கும்.

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியைத் தாண்டி வருசநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தொழில் படுத்துக்கொண்டே வந்த நேரத்தில்தான் 2020 ஊரடங்கு வந்தது. பள்ளிக்கூடம் போனுக்குள் வந்துவிட்டது, போனிலோ சிக்னல் இல்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டிருந்ததால், திறந்தவெளியில் ரேடியோ வைத்து ஊருக்கு ஊர் நெட் கொடுப்பது எளிதாகியிருந்தது. ஒரு பெரிய இன்டர்நெட் கம்பெனியிடம் ஃப்ராஞ்சைஸி எடுத்தேன். ஃபைபர் வந்து நிற்கும் ஊரிலிருந்து டவருக்கு நெட்டைக் கொண்டுவரும் பேக்ஹால் லிங்க் அடித்து, எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில் எண்பது அடி டவர் நிறுத்தி, அங்கிருந்து சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குச் திசைக்கு ஒன்றாக வைக்கும் செக்டர் ஆன்டெனா வழியாகக் கொடுத்தேன். கரடு என்றால் மண் கரடு இல்லை, முழுப் பாறை. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் என்பதால் அந்த இடத்தைப் பிடித்தோம். அந்தப் பாறை பின்னால் என்ன வேலை செய்யப்போகிறது என்று டவர் நிறுத்திய காண்டிராக்டருக்கே தெரிந்திருக்காது.

முதல் வருஷம் ஓடிவிட்டது. அடுத்த சித்திரையில் கோடை மழை இறங்கியபோது ஆரம்பித்தது வினை. இரவு ஒரு மணி நேரம் இடி மின்னல், காலையில் பார்த்தால் ஒரு செக்டர் பேச்சு மூச்சு இல்லை. மின்னல் சேதத்துக்கு வாரன்டி கிடையாது என்று கடையில் சொன்னார்கள், அது எனக்கும் தெரிந்ததுதான். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். வைகாசி முடிவதற்குள் அதுவும் போனது, கூடவே பேக்ஹால் ரேடியோவும், டவருக்குப் பக்கத்து அறையில் லேன் கேபிள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச்சில் சில போர்ட்டுகளும் போயின. பேக்ஹால் போனால் எல்லா ஊரும் இருட்டு. ஈ-சேவை மையம் நடத்தும் அக்கா போன் போட்டு, “தம்பி, சர்வர் இல்லையா, உன் நெட்டு இல்லையா, எதுன்னு சொல்லுப்பா, வெளிய ஆளுக நிக்கிறாக” என்பார். என்ன சொல்வது? அந்த மாதங்களில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். வானம் கறுத்தால் ஊரே மழையை எதிர்பார்த்துச் சந்தோஷப்படும், நான் மட்டும் வராமல் போனால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருப்பேன். விவசாயி வீட்டில் பிறந்தவன் அப்படி நினைக்கலாமா என்று என் மனைவி ஒருமுறை கேட்டேவிட்டாள்.

கடையில் சொன்ன வைத்தியம் பிராண்டை மாற்றுவது. விலை கூடுதலான ரேடியோ, திடீரென்று பாயும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது என்றார்கள். வாங்கினேன். ஐப்பசி மழையில் அதுவும் போய்ச் சேர்ந்தது. பிறகு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ரேடியோவுக்குள் ஓடும் சாஃப்ட்வேரை, அதாவது ஃபர்ம்வேரை மாற்று என்றார் ஒருவர். இடிதாங்கியைக் கழற்றிவிடு, அதுதான் மின்னலைக் கூப்பிடுகிறது என்றார் இன்னொருவர். இதை மட்டும் கேட்காதீர்கள். பாறை உச்சியில் எண்பது அடி இரும்பு நிற்கும்போது இடிதாங்கி இல்லாவிட்டாலும் மின்னலுக்கு வழி தெரியும்.

உருப்படியான காரியம் ஒன்று அப்போது நடந்தது. செத்த சாமான்களை எடைக்குப் போடாமல் அறையில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் அதைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி செத்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, மூன்று வகையாகச் செத்திருந்தன. இந்தக் கதையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எது செத்தது என்பதைவிட எப்படிச் செத்தது என்று பாருங்கள், கரண்ட் எந்த வழியாக உள்ளே வந்தது என்று அது சொல்லும்.

முதல் குவியலில் ரேடியோ நன்றாக இருந்தது, நெட் கேபிள் வழியாகவே அதற்குக் கரண்ட் அனுப்பும் பி.ஓ.இ. அடாப்டர் மட்டும் போயிருந்தது. மழை இல்லாத நாளில் போனவை பெரும்பாலும் இவைதான். இவற்றுக்குக் காரணம் இ.பி. லைன். எங்கள் பக்கம் நியூட்ரல் அறுவது அடிக்கடி நடக்கிற சங்கதி. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரும். வீட்டில் ஃபேனும் டிவியும் புகைவது போல அடாப்டரும் புகைகிறது. இதற்கு மருந்து எளிது. அடாப்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டி, அதிலிருந்து நேராக டிசி கொடுத்தேன். ஓவர் வோல்டேஜ் வந்தால் தானே வெட்டிவிடும் ரிலே ஒன்றை மெயினில் மாட்டினேன். ஒரு எச்சரிக்கை: 24 வோல்ட் பேட்டரி என்று பெயர்தான், சார்ஜ் ஏறும்போது 28.8 வோல்ட் வரை போகும். எல்லா ரேடியோவும் அதைத் தாங்காது. பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச வோல்ட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் நடுவில் 24 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் டிசி கன்வர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். அதிலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனியாகப் பிரிந்திருக்கும் ஐசொலேட்டட் வகை நல்லது.

இரண்டாம் குவியலைத் திறந்தால் நெட் கேபிளைச் சொருகும் ஆர்.ஜே.45 சாக்கெட்டின் பின்களில் பச்சை பூத்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எட்டு பின்னில் ஆறு பளபளவென்று இருக்க, நான்காவதும் ஐந்தாவதும் மட்டும் பாதி கரைந்து பச்சைப் பொடியாகிக் கிடந்தன. இந்த வகை பி.ஓ.இ.யில் பாசிட்டிவ் ஓடுவது அந்த இரண்டில்தான். ஈரம் கோத்துக்கொண்டு டிசி கரண்டும் ஓடினால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரையும். அதாவது கேபிள் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கேபிளை ரேடியோவுக்குள் விடும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறும்படி விட வேண்டும், அப்போதுதான் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டும், உள்ளே போகாது. எங்கள் டவரில் மேலிருந்து நேராக இழுத்துச் சொருகியிருந்தார்கள். வெயிலில் கேபிளின் மேல்தோல் வெடித்து அந்த வழியாகவும் ஈரம். அவுட்டோர் கேபிள் என்று பில் போட்டு விற்றார்கள், ஆனால் உள்கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாக இருந்தது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. டவருக்கு அது ஆகவே ஆகாது, நீளம் கூடக் கூட வோல்ட்டும் அதிகம் இறங்கும், வளைத்தால் சீக்கிரம் முறியும். பெட்டியாக வாங்கும்போது முனையில் ஒரு விரற்கடை வெட்டிச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூன்றாம் குவியல்தான் பெரியது, என் பணம் எல்லாம் அதில்தான் கிடந்தது. கரண்ட் கொடுத்தால் லைட் எரிகிறது, பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்து ஸ்கேன் செய்தால் சிக்னல் கூட வருகிறது. ஆனால் லேன் கேபிளைச் சொருகினால் லிங்க் ஏறவில்லை. மதுரையில் லேப்டாப் போர்டு சரிசெய்யும் ஒரு தம்பியிடம் இரண்டைக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தவர், “அண்ணே, ரேடியோ பக்கம் ஒண்ணுமே ஆகல. இங்க பாருங்க” என்றார். லேன் சாக்கெட்டுக்குப் பின்னால் சின்னதாகக் கறுப்புச் சதுரமாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதன் முதுகு கீறல் விட்டிருந்தது. அதிலிருந்து போகும் செம்புக்கோடு ஒன்று இருந்த இடமே தெரியாமல் ஆவியாகி, போர்டில் புகைத் தடம் மட்டும் இருந்தது. ஆன்டெனா பக்கம் ஒரு கீறல் கிடையாது. மின்னல் ஆன்டெனாவில் இறங்கியிருந்தால் அங்கேதான் சேதம் இருக்க வேண்டும். இது கேபிள் வழியாக வந்தது. அறையில் ஸ்விட்ச் போர்ட்டும் கூடவே செத்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கேபிளின் இரண்டு முனையிலும் அடி விழுந்திருக்கிறது.

சரி, கேபிளுக்கு சர்ஜ் புரொடக்டர் போட்டால் தீர்ந்தது என்று டவர் மேலே ஒன்று, அறையில் ஒன்று என்று எல்லா லைனுக்கும் வாங்கி மாட்டினேன். அடுத்த மழையில் புரொடக்டரோடு சேர்த்து ரேடியோவும் போனது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு டவரைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். கஸ்டமர்களில் கால்வாசிப் பேர் அதற்குள் கழன்றுவிட்டார்கள்.

எங்கள் தெருவில் தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், எனக்குச் சித்தப்பா முறை. வாக்கிங் வருகிற சாக்கில் கரட்டடிக்கு வந்தவர் டவர் காலையும் அறையையும் சுற்றிப் பார்த்தார். “ஏம்ப்பா, டவருக்கு எர்த்து எங்க?” காட்டினேன். பாறை இடுக்கில் ஒரு கம்பி. “ரூமுக்கு?” அறைக்குப் பின்னால் இ.பி. மீட்டருக்கு அடித்த எர்த் பைப். “ரெண்டையும் சேத்துருக்கியா?” இல்லை. டவர் நிறுத்தியவர் தனி ஆள், அறைக்கு வயரிங் செய்தவர் தனி ஆள், அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சித்தப்பா சிரித்தார். “சேத்துருக்கப்பா. நீ போட்ட நெட் கேபிள்தான் சேக்குது.”

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஒரு முனையை டவர் காலிலும் மறுமுனையை அறை எர்த்திலும் வைக்கச் சொன்னார். கீழே தோட்டங்களில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த நேரம். இருபது வோல்ட்டுக்குப் பக்கம் காட்டியது. இருபது வோல்ட் ரேடியோவைக் கொல்லாது. ஆனால் பத்தடி தள்ளி இருக்கும் இரண்டு எர்த்தும் ஒன்றில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மழையே இல்லாத நாளிலும் இந்த நிலை என்றால் மின்னல் விழும்போது? சித்தப்பா சொன்னது: “ஒரு கம்மாய் நெறஞ்சு நிக்குது, பக்கத்துக் கம்மாய் வத்திக் கெடக்குது. நடுவுல நீ விட்டிருக்கிறது விரல் மொத்தத்துல ஒரு வாய்க்கா. தண்ணி பூராம் அது வழியாத்தான் பாயும், கரை நிக்குமா?”

கணக்கும் அதையேதான் சொல்கிறது. நடுத்தரமான ஒரு மின்னலில் 30,000 ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் பாயும். உங்கள் எர்த் 10 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் டவரின் அடிப்பகுதி அந்த ஒரு கணத்தில் 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்பி நிற்கும். அறையின் எர்த் அந்த அளவுக்கு எழும்பாது. இரண்டுக்கும் நடுவில் லேன் போர்ட் டிரான்ஸ்ஃபார்மர். அது தாங்க வேண்டும் என்று விதித்திருப்பது 1,500 வோல்ட். பக்கத்தில் எங்கோ விழும் மின்னலில்கூட இந்த வித்தியாசம் சில ஆயிரம் வோல்ட்டைத் தொட்டுவிடும். இதில் எந்தப் பிராண்ட் ரேடியோ தாங்கும்? எர்த் என்றாலே எல்லோரும் எத்தனை ஓம் என்று மட்டும் கேட்கிறார்கள். கரி போடு, உப்புப் போடு, தண்ணீர் ஊற்று, ஓமைக் குறை. குறைப்பது நல்லதுதான், நானும் குறைத்தேன். ஆனால் எல்லா எர்த்தையும் ஒன்றாகக் கட்டுவதுதான் முதல் வேலை என்பேன். எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தால் டவரும் அறையும் அதற்குள் இருக்கும் சாமானும் சேர்ந்தே எழும்பும், சேர்ந்தே இறங்கும். வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் எதைச் சுட்டுக்கொண்டு ஓடும்?

சர்ஜ் புரொடக்டர் ஏன் உதவவில்லை என்பதும் அன்றைக்கே தெரிந்தது. மேலே மாட்டியவற்றின் எர்த் வயர் பெயின்ட் அடித்த பைப்பில் கிளாம்ப் போட்டு முடிந்திருந்தது, பெயின்ட்டுக்கு அடியில் இரும்பைத் தொடவே இல்லை. கீழே இருந்தவற்றின் வயர் மீட்டர் கணக்கில் நீளமாக இருந்ததால் அழகாகச் சுருட்டி டை போட்டு வைத்திருந்தார்கள். மின்னல் வேகத்தில் வரும் கரண்டுக்கு ஒரு மீட்டர் நேர்க்கம்பியே பெரிய தடை, அதிலேயே பல ஆயிரம் வோல்ட் நிற்கும். சுருட்டினால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, இடிதாங்கியிலிருந்து இறங்கும் கம்பியையும் நெட் கேபிள்களையும் ஒரே காலில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கம்பியில் பாயும் கரண்ட் தொடாமலேயே பக்கத்துக் கேபிளில் வோல்ட்டைத் தூண்டிவிடும்.

வேலையை இப்படிச் செய்தோம். டவரின் மூன்று காலையும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால், அதாவது ஜி.ஐ. பட்டையால் சுற்றி இணைத்து, அங்கிருந்து 25-க்கு 3 மில்லிமீட்டர் பட்டையை அறைக்கு இழுத்து, சுவரில் கேபிள் நுழையும் இடத்திலேயே ஒரு செம்பு பஸ் பார் அடித்தோம். இ.பி. எர்த், பேட்டரி ரேக், சர்ஜ் புரொடக்டர்கள், கேபிள் ஷீல்டு எல்லாம் அந்த ஒரே பாரில் வந்து முடியும். மடக்கும் இடத்தில் எல்லாம் பெரிய வளைவாக விட்டோம், செங்குத்தாக மடக்கக் கூடாது. ஜி.ஐ.யோடு செம்பை நேராக முடுக்கினால் கொஞ்ச நாளில் அரித்துவிடும் என்பதால் வயர் முனையில் மாட்டும் லக்கை டின் பூசியதாகப் போட்டோம். பாறையில் குழி தோண்ட முடியாது, அதனால் பட்டையை இரண்டு பக்கமாகப் பாறை மேலேயே இறக்கி, அடிவாரத்தில் மண் தொடங்கும் இடத்தில் பென்டோனைட் களிமண் கலந்து எர்த் குழி போட்டோம். டவரில் தொடர்பு கிடைக்கும் இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டி, முடுக்கியபின் மேலே ஜிங்க் பெயின்ட் அடித்தோம். கேபிளை இடிதாங்கிக் கம்பிக்கு எதிர்க்காலுக்கு மாற்றினோம். வயர்மேன் எர்த் டெஸ்டர் கொண்டுவந்து அளந்தபோது, முன்பு அறுபது ஓமுக்கு மேல் இருந்தது பத்துக்குக் கீழே வந்திருந்தது. பாறைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

பேக்ஹாலுக்கு மட்டும் ஒரு படி மேலே போனேன். அறையிலிருந்து டவர் உச்சிக்கு ஃபைபர், மேலே ஒரு பெட்டியில் சின்ன ஸ்விட்ச், அங்கிருந்து ரேடியோவுக்கு ஒரு மீட்டர் கேபிள். மேலே போகும் செம்பு டிசி வயர் மட்டும்தான், அதற்கு இரண்டு முனையிலும் டிசி சர்ஜ் புரொடக்டர். ஃபைபர் கண்ணாடி, கண்ணாடியில் மின்னல் ஓடாது. ஆனால் வீடுகளுக்கு இழுக்கும் சாதாரண டிராப் ஃபைபரில் இழுவைக்காக ஒரு இரும்புக் கம்பி கூடவே வரும், அதோடு ஏற்றினால் பழைய கதைதான். கம்பி இல்லாத, அதற்குப் பதில் எஃப்.ஆர்.பி. என்ற இழை கலந்த பிளாஸ்டிக் வைத்த வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அந்தக் கம்பியைப் பிரித்து வெட்டிவிடுங்கள்.

செலவு நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது, அதில் பட்டையும் கூலியும்தான் பெரும்பகுதி. அதற்கு முன் ரேடியோவுக்கும் ஸ்விட்ச்சுக்கும் அடாப்டருக்கும் போனது ஒன்றேகால் லட்சம். டவர் ஏறும் பையனுக்குக் கொடுத்த கூலியும் விட்டுப்போன கஸ்டமர்களும் தனி. பையன் என்றதும் ஞாபகம் வருகிறது, லிங்க் போய்விட்டதே என்ற அவசரத்தில் மழை ஓய்ந்த கையோடு யாரையும் மேலே ஏற்றாதீர்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரமாவது கழிய வேண்டும். பெல்ட் இல்லாமல் ஏறுகிறேன் என்று பெருமை பேசுகிறவனை வேலைக்கே வைக்காதீர்கள். மேலே ஏற்றும் முன் கீழேயே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். லேன் லிங்க் நூறிலிருந்து பத்துக்கு இறங்கியிருக்கிறதா, எரர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று ஸ்விட்ச்சில் தெரியும், அப்படியென்றால் கேபிளில்தான் வியாதி. சில 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் ரேடார் இருக்கிறது என்று ரேடியோ தானாக நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். அதைச் செத்ததாக எண்ணிக் கழற்றி இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு நோட்டும் போட்டுவையுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எது போனது, அப்போது மழையா, கரண்ட் போய் வந்ததா, எந்த மோட்டார் ஓடியது, அவ்வளவுதான். என் நோட்டைப் புரட்டியபோதுதான் அடாப்டர் செத்த நாளும் லேன் போர்ட் செத்த நாளும் வேறு வேறு என்பது உறைத்தது.

இப்போது ஒவ்வொரு பங்குனியிலும், கோடை மழைக்கு முன்னால், எல்லாக் கிளாம்ப்பையும் ஒரு சுற்று முடுக்கி, எர்த் குழிகளில் தண்ணீர் விட்டு, டவர் காலுக்கும் பஸ் பாருக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறேன். வேலை முடிந்தபின் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. செக்டர் லைன்களில் சர்ஜ் புரொடக்டர்கள் அவ்வப்போது சாகத்தான் செய்கின்றன, அவற்றின் வேலையே அதுதான். லைன் திடீரென்று போனால் முதலில் கீழே இருக்கும் புரொடக்டரைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகிப் பாருங்கள். லிங்க் ஏறினால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஏறாவிட்டால் மேலே இருப்பதையும் மாற்றச் சொல்லுங்கள். என் ஸ்பேர் பையில் இப்போது ரேடியோ ஒன்றுதான் கிடக்கிறது, மீதி எல்லாம் புரொடக்டர்தான்.